ரேடியேட்டருக்குத் தண்ணி

அந்த பிஸ்கட்ட உள்ள வைங்க அண்ணாச்சி. தப்பா நெனைக்காதிய, நீங்க பாசமாத்தான் நீட்டுதிய. நான் அதுல நாலு எடுத்துத் தின்னேன்னு வைங்க, சாத்தூர் வாறதுக்குள்ள உங்க மடியத் தாண்டிக் குதிச்சு எறங்கி ஓடுவேன். இல்ல, இப்பம் ஒண்ணுமில்ல, காலையில இருந்து வெறும் மோருதான் ஓடுது. இந்த ஃபைலப் பாத்து பயந்துட்டியளா? மதுரை ஆஸ்பத்திரியில குடுத்தது. பெரிய வியாதி எல்லாம் இல்ல. பெரிய வியாதி இருந்திருந்தா நான் ஏன் இப்படி மொகத்தத் தொங்கப் போட்டுட்டு வாறேன்.

நானும் கண்டக்டர்தான். இருபத்தாறு வருசம் சர்வீசு. இந்தா நிக்கானே இந்தப் பய, இவன மாதிரி டிக்கெட்டு போட்டு முடிக்காம விசில் ஊதமாட்டேன். எம்பேரு ஆறுமுகநயினார். திருநெல்வேலியில எங்க டெப்போவுக்குப் போய் நயினார் யாருன்னு கேட்டா ஒரு பயலுக்கும் தெரியாது. ரேடியேட்டர்னு கேளுங்க, கேன்டீன்ல டீ ஆத்துறவன் வரைக்கும் கை காட்டுவான். அந்தப் பேரு எனக்கு யாரால வந்துது தெரியுமா? டிரைவர் பொன்னுத்துரையால. நாளைக்கு அவனுக்கு ரிட்டயர்மென்ட் விழா. சாயங்காலம் நாலு மணி, டெப்போவுக்குள்ள பந்தல், மாலை, சால்வ, மைக்கு. அந்த மைக்கப் பிடிச்சு நான் பேசணும்னுதான் நாப்பத்திரெண்டு நாளா இந்த ஒடம்பப் போட்டு வதைச்சேன். நீங்க கோவில்பட்டிதான எறங்குதிய? அப்பம் நேரம் கெடக்கு. கேளுங்க.

நானும் அவனும் பதினோரு வருசம் ஜோடி. திருநெல்வேலி - திருச்சி வண்டி. வெள்ளனே எடுத்தா ராத்திரி எட்டரைக்குத் திரும்பி வருவோம். வீட்டுப் பொம்பளையோட பேசுனத விட அவனோட பேசுனது அதிகம். அவன் முன்னால இருந்து ஒரு தடவ இருமுனா ரோட்டுல ஆடு நிக்குன்னு எனக்குத் தெரியும். என் விசில் கொஞ்சம் கட்டையா விழுந்தா எவனோ சில்லறைக்குச் சண்ட போடுதான்னு அவனுக்குத் தெரியும். வண்டி ஓட்டுனாம்னா, இந்தா இவன் கியர் போடுதானே, எலும்பு முறியுத மாதிரி, அப்படி இல்ல. நீங்க டம்ளர்ல காப்பிய வச்சுக் குடிச்சுக்கிட்டே வரலாம், சட்டையில ஒரு சொட்டு விழாது. அதெல்லாம் இருக்கட்டும். ஓட்டத் தெரியும். மனுசன் சரி கெடையாது.

இந்த ரோட்டோர ஓட்டல்ல எல்லாம் பஸ்ஸ நிப்பாட்டுதாவள்ளா, உங்களுக்கு எரிச்சலா வரும். காஞ்சு போன தோச, கொள்ள வெல, கக்கூஸு நாத்தம். எங்களுக்கு வேற மாதிரி. வண்டிய அங்க கொண்டு நிப்பாட்டுததுக்கு டிரைவர் கண்டக்டருக்குச் சாப்பாடு சும்மா. பின்னால தனி ரூம்பு, ஃபேனு, எலை. திருச்சியில இருந்து திரும்பும்போது கொட்டாம்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஓட்டல். சாயங்காலம் நாலே முக்கால் ஆச்சுன்னா, கல்லுல இருந்து எடுத்த பரோட்டாவ மாஸ்டர் ரெண்டு கையாலயும் அடிச்சு நொறுக்கி, எலையில போட்டு, சால்னாவ மேல ஊத்துவான். நாலு பரோட்டா எனக்கு. ஒரு ஆம்லேட். பொன்னுத்துரைக்கு சுகர், அவன் ரெண்டு இட்லியப் பிச்சுக்கிட்டு என் எலையவே பாத்துட்டு இருப்பான். வயித்தெரிச்சல்தான், வேற என்ன.

ரெண்டு வருசம் முன்னால எனக்கு வயிறு கெட்டுது. மொதல்ல சும்மா ஊதும். பெல்ட்ட ஒரு ஓட்ட தள்ளிப் போடுவேன். பொறவு உள்ள ஒரு எரைச்சல். அது கேட்டுட்டுன்னா அஞ்சு நிமிசம்தான் டயம், ஆறாவது நிமிசம் கெடையாது. விருதுநகர் தாண்டுததுக்குள்ள வந்துரும். இப்பம் போனோமே, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கருவேலங்காடு, பாத்தியளா? அதுல எனக்குத் தெரியாத முள்ளு கெடையாது.

வண்டிக்குள்ள நாப்பத்தெட்டு பேரு. நான் விசில இழுத்து ஊதுவேன், அவன் ஓரங்கட்டுவான், நான் தண்ணி பாட்டிலத் தூக்கிட்டு ஓடுவேன். சனங்க சும்மா இருப்பாவளா? என்ன டிரைவரே, எதுக்கு நிக்குன்னு சத்தம் போடுவாவ. அதுக்கு அவன் என்ன செய்வான் தெரியுமா? மெதுவா எறங்கிப் போய் முன்னால பேனட்டத் தெறந்து வச்சுக்கிட்டு, "வண்டி சூடாயிட்டு. ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும். கண்டக்டர் தண்ணி பாக்கப் போயிருக்காரு" அப்படிம்பான். ஒரு கேன வேற கையில பிடிச்சுக்கிட்டு நிப்பான், நான் வார வரைக்கும். ஒரு நாள் செஞ்சா சரி. வாரத்துல மூணு நாள் செஞ்சா? அது அந்த வருசம் எறக்குன புது வண்டி அண்ணாச்சி. புது வண்டிக்கு எங்க சூடாகுது? வழக்கமா வாற ஆளுக இருக்காவ, வாத்தியாருமாரு, பேங்க் ஆளுக. நாலாவது தடவ நான் பாட்டிலோட ஏறுதேன், கடைசி சீட்டுல ஒருத்தன், "ரேடியேட்டர் குளுந்துட்டா?"ங்கான். பஸ்ஸே சிரிக்கு. அன்னைக்குப் பிடிச்சது அந்தப் பேரு. மேலூர்ல கொய்யாப்பழம் விக்கிற பொம்பள கூப்பிடுதா, ரேடியேட்டரண்ணேன்னு. சின்ன வயசுப் பொம்பள.

அவன் பாட்டுக்கு, கண்டக்டருக்கு வயிறு சரியில்லன்னு உள்ளத உள்ளபடி சொல்லிட்டு இருந்திருக்கலாம்லா. நாலு பேரு அய்யோ பாவம்னுருப்பாவ. நீங்க என்ன சொல்ல வாறியன்னு தெரியுது. என் வீட்டுக்காரி உலகம்மாளும் இதத்தான் சொன்னா. "உங்க மானத்தக் காப்பாத்தத்தான அண்ணன் பொய் சொல்லிருக்காவ"ன்னா. காப்பாத்துன லட்சணம் ஊரு பூரா தெரியுது.

வீட்டுலயும் வைத்தியம் நடந்துது. நம்ம ஊர்ல வயிறு சரியில்லன்னா என்ன குடுப்பாவ சொல்லுங்க. ரொட்டி, ரஸ்க்கு, கோதுமக் கஞ்சி. உலகம்மா காலையில கோதுமக் கஞ்சி காய்ச்சிக் குடுப்பா. என் மச்சினன் பாக்க வாறாம்னா கையில ஒரு பன்னு பாக்கெட்டு. பக்கத்து வீட்டு டீச்சர் ரஸ்க்கு. நானும் வயித்துக்கு எளக்கமா இருக்கும்னு அதையே தின்னேன். தின்னுட்டு ஓடுனேன். ஓடிட்டு வந்து மறுபடியும் ரஸ்க்கு. இப்பம் நெனைச்சா, என்னையப் பாசத்தோட கொல்லப் பாத்தவன் பேரு எல்லாம் ஒரு லிஸ்ட்டா மனசுல இருக்கு. அவனுகள ஒவ்வொருத்தனா பொறவு பாத்துக்கிடுதேன். மொதல்ல பொன்னுத்துரை.

ஒரு நாள் திருச்சி ஸ்டாண்டுல வண்டிய நிப்பாட்டிட்டு சொல்லுதான். "ஏ நயினாரு, நானும் பாத்துட்டே வாறேன். நீ பரோட்டா திங்குத அன்னைக்குத்தான் உனக்கு வருது. ரயில்வே கேட்டுல மாட்டி லேட்டாகி அந்த ஓட்டல்ல நிப்பாட்டாமப் போனோம்லா, அன்னைக்கு ஒண்ணுமில்ல. ஒரு மாசம் அத விட்டுப் பாருல." எனக்குக் கோவம் வந்துட்டு. நான் என்ன திங்கேன், எப்பம் வெளிய போறேன்னு பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டு இருக்கிறியான்னு கேட்டேன். உன்னால திங்க முடியலன்னு என் எலையில கண்ணு வைக்கிறியான்னு கேட்டேன். அவன் எறங்கி டயரத் தட்டிப் பாக்கப் போயிட்டான். பேசுததுக்கு என்ன இருக்கு, உண்மையச் சொன்னா.

மறுநாள் அந்த ஓட்டல் வருது, வண்டி நிக்கல. நான் விசிலடிக்கேன், அவன் காதுல வாங்கல. மேலூர் தாண்டி ரோட்டோரத்துல ஒரு இட்லிக் கடை, சின்னக் கீத்துக் கொட்டா, அதுக்கு முன்னால கொண்டு போய் நிப்பாட்டுதான். அங்க நமக்குச் சும்மா எல்லாம் கெடையாது. நாலு இட்லி எனக்கு, ரெண்டு இட்லி அவனுக்கு, அவனே காசு குடுத்தான். தெனமும் அவனே குடுத்தான். நான் கேட்டனா? எங்க நிப்பாட்டணும்ங்கது டிரைவர் கையில இருக்குங்கதக் காட்டுதான், அவ்வளவுதான். நான் விடுவனா? திருச்சியில எறங்குனதும் ஸ்டாண்டுக்கு வெளிய ஒரு கடையில மதியமே போய் ரெண்டு பரோட்டாவ உள்ள தள்ளிருவேன். அவனுக்குத் தெரியாம. அவன் இட்லி வாங்கிக் குடுத்தும் எனக்கு வயிறு நிக்கலன்னதும் மண்டையப் பிச்சுக்கிட்டான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். முள்ளுக்குள்ள ஒக்காந்துக்கிட்டே சந்தோசம்.

சிரிக்காதிய அண்ணாச்சி.

பொறவு ஒரு நாள் வண்டி அம்பது நிமிசம் லேட்டு. ஒரே டிரிப்புல மூணு தடவ நின்னுட்டு. எவனோ கம்ப்ளைன்ட் குடுத்துட்டான். பிரான்ச் மேனேஜர் ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. ரூம்புல ஏழெட்டுப் பேரு நிக்காவ. நான் வாயத் தெறக்கதுக்கு முன்னால பொன்னுத்துரை சொல்லுதான்: "சார், இவன லைன்ல விடாதிய. இவனுக்கு ஒடம்பு கெட்டுப் போய் கெடக்கு, யாரு சொன்னாலும் கேக்கமாட்டேங்கான். வண்டியில வந்தாம்னா ரோட்டுலயே விழுந்துருவான். கொஞ்ச நாளு ஆபீஸ்ல ஒக்கார வைங்க." கேட்டியளா? பதினோரு வருசம் கூட வந்தவன். என் மொகத்தப் பாக்காம சுவத்தப் பாத்துட்டே சொன்னான். குத்தம் பண்ணுதவன்தான் சுவத்தப் பாப்பான்.

ரெக்கார்டு ரூம்புல போட்டுட்டாவ. பழைய டிரிப் சீட்டு அடுக்கிக் கட்டுத வேல. என் வண்டியில வேற ஒரு சின்னப் பய விசில் ஊதுதான். காலையில வண்டி வெளிய போற சத்தம் கேக்கும், ஜன்னல் வழியாத் தெரியும். பொன்னுத்துரை அந்த ஜன்னலுக்கு நேரா வந்ததும் ஒரு ஹாரன் அடிப்பான், லேசா. தெனமும். என்னையக் குத்திக் காட்டத்தான் அடிக்கான்னு நான் திரும்பியே பாக்கமாட்டேன்.

அங்க ஒக்காந்த ரெண்டு மாசத்துல வயிறு நின்னுட்டு. பாத்துக்கிடுங்க, அப்படியே நின்னுட்டு. உலகம்மா கட்டிக் குடுக்குத சோறும் புளிக்கொழம்பும்தான். கோதுமக் கஞ்சியும் அவ விட்டுட்டா, காலையில ஆபீஸுக்கு நேரத்தோட போணும், பழைய சோறே போதும்னு சொல்லிட்டேன். தென்காசியில இருந்து ஒரு லேகியம் வாங்கித் தின்னுட்டு இருந்தேன், அதுதான் வேல செய்யுதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நாலு பேருக்கு வாங்கியும் குடுத்தேன். பொறவு மச்சினன் மக சடங்கு. ராத்திரி விருந்துல பரோட்டா, குருமா. மூணு தின்னேன். விடிய விடியக் கெடந்தேன் கொல்லையில. லேகிய டப்பாவ உலகம்மா தூக்கி எறிஞ்சுட்டு மதுரைக்குக் கூட்டிட்டு வந்தா.

டாக்டரம்மா நல்லா விசாரிச்சாவ. கோதுமையில பசை மாதிரி ஒரு சத்து இருக்காம், குளூட்டன்னு பேரு. மாவப் பெசஞ்சா இழுபடுதுல்லா, பரோட்டா மாஸ்டர் வீசி வீசி எறியுதான்லா, அந்த இழுவதான் அது. மைதா, ரவை, சேமியா, பன்னு, எல்லாத்துலயும் இருக்கு. சில பேரு ஒடம்பு அத ஏத்துக்கிடாதாம். அதுக்கு ரெண்டு வழின்னு சொன்னாவ. ஒண்ணு, பேசாம அதையெல்லாம் விட்டுட்டுப் பாருங்க, நல்லா ஆச்சுன்னா அப்படியே இருங்க, சோறு திங்குத ஊர்ல இது ஒரு கஷ்டமா. ரெண்டாவது, வியாதி இருக்கா இல்லையான்னு உறுதியாத் தெரியணும்னா டெஸ்ட்டு இருக்கு. ஆனா டெஸ்ட்டுக்கு முன்னால ஆறு வாரம் தெனமும் கோதும சாப்பிடணும். சாப்பிட்டாத்தான் ரத்தத்துல காட்டும். உங்க ஒடம்பு இருக்க இருப்புக்கு மொத வழி போதும்னு சொன்னாவ.

நான் ஒண்ணுதான் கேட்டேன். டெஸ்ட்டுல இருந்துன்னா பேப்பர் குடுப்பியளா?

குடுப்போம்னாவ.

அப்பம் ரெண்டாவது வழின்னுட்டேன்.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. கோதுமைய விடணும்னு எனக்கு மொதல்ல சொன்னது யாரு? பொன்னுத்துரை. டாக்டருக்குப் படிக்காதவன். அத இப்பம் விட்டா, அவன் சொன்னதக் கேட்டு விட்ட மாதிரிதான. டெப்போவுல என்ன பேசுவாவ? ரேடியேட்டர் பரோட்டாவ விட்டதும் சரியாயிட்டான், பொன்னுத்துரை அன்னைக்கே சொன்னாரும்பாவ. தின்னு கெட்டவன்னு ஆயிரும். அதே இது ஒரு வியாதின்னு பேப்பர் இருந்தா? இங்கிலீஷ்ல பேரு போட்டு, சீலு குத்தி, பொறந்ததுல இருந்தே ரத்தத்துல உள்ளதுன்னு இருந்தா? அப்பம் அவன் ஒரு நோயாளிய கேலிப் பொருளா ஆக்குனவன். அத அவன் கழுத்துல மாலை விழுந்த பொறவு மைக்குல படிக்கணும். மொத்த டெப்போவும் அவன் குடும்பமும் கேக்கணும். தேதியப் பாத்தேன். ஆறு வாரம் தின்னு, டெஸ்ட்டு எடுத்து, ரிசல்ட்டு வாறதுக்கும் விழாவுக்கும் சரியா இருக்கு. எனக்கு அப்படியே சிலுத்துட்டு.

ஆறு வாரமும் விரதம் மாதிரி தின்னேன். உலகம்மா வீட்டுல கோதுமய ஏத்தமாட்டேன்னுட்டா, கடையிலதான். காலையில பன்னு, மதியம் பரோட்டா, சாயங்காலம் ரஸ்க்கு. தின்னுட்டு ஓட்டம். ரெக்கார்டு ரூம்புக்குப் பக்கத்துலயே கக்கூஸு, அது ஒரு வசதி. மூணாவது வாரம் சட்ட தொளதொளன்னு ஆயிட்டு. ஒம்பது கிலோ எறங்கிட்டேன். உலகம்மா ஒரு நாள் வாசல்ல மறிச்சுக்கிட்டு கேட்டா, "நீங்க யாரக் கொல்லுததுக்குத் திங்கிய? அவுகளையா, உங்களையா?" நான் அவள ஒதுக்கிட்டு வெளிய எறங்குனேன். பன்னு வாங்கப் போணும், கடை சாத்திருவான்.

நாலாவது வாரம் ஆபீஸ்ல மயங்கி விழுந்துட்டேன். சீட்டுக் கட்டு மேலேயே. அன்னைக்கு சாயங்காலம் பொன்னுத்துரை வீட்டுக்கு வந்துட்டான். டூட்டிய மாத்திவிட்டுட்டு வந்திருக்கான், காக்கிச் சட்டையோட. கையில ஒரு சாக்குப் பை, கேப்ப, கம்பு, அவுக ஊர்ல வெளஞ்சது. நாற்காலி போட்டும் ஒக்காரல. தரையில ஒக்காந்தான், என் கட்டிலுக்குப் பக்கத்துல.

சொல்லுதான், "நயினாரு, நான் அன்னைக்கு அத்தன பேரு முன்னால அப்படிச் சொல்லிருக்கக்கூடாது. உன்னையத் தனியா விட்டுட்டு மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிருக்கணும். அந்த ரேடியேட்டர் கதையும் நான் பண்ணுன தப்பு, அப்பம் வேற ஒண்ணும் வாயில வரல. விழாவுல மைக்குல எல்லார் முன்னாலயும் நானே சொல்லுதேன். தப்பு என்னுதுன்னு சொல்லுதேன். நீ அந்த சவத்தத் திங்குதத விட்டுருல."

அவன் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. உலகம்மா மூக்க உறிஞ்சுதா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்க சொல்லுங்க. மன்னிப்பு கேட்டுட்டான் அண்ணாச்சி. பேப்பர் வாறதுக்கு முன்னாலயே கேட்டுட்டான். பேப்பர் வந்து, நான் படிச்சு, எல்லாரும் அவனத் திரும்பிப் பாத்து, அதுக்குப் பொறவுதான அவன் கேக்கணும்? இன்னும் பதினாலு நாளு பாக்கி இருக்கு. நாலு வாரம் நான் தின்னது எல்லாம் என்னாகுதது? அவனே மைக்குல சொல்லிட்டான்னா, பொன்னுத்துரை எவ்வளவு பெரிய மனுசன் பாத்தியளான்னு அதுக்கும் அவனுக்குத்தான கை தட்டுவாவ? உன் மன்னிப்ப நீயே வச்சுக்கோ, எனக்குப் பேப்பர் வருதுன்னு சொன்னேன். சுவத்தப் பாத்துதான் சொன்னேன். அவன் போர்வைய வெலக்குனான். என் காலத் தொட்டுப் பாத்தான், வீக்கம் இருக்கான்னு. எந்திரிச்சுப் போயிட்டான். அதுக்கப்புறம் வரல, ஹாரனும் அடிக்கல.

மிச்சம் ரெண்டு வாரத்தையும் தின்னு முடிச்சேன். போன வாரம் ரத்தம் எடுத்து, வாய் வழியா டியூப விட்டு உள்ள இருந்து சதையக் கிள்ளி எடுத்தாவ. இன்னைக்கு ரிசல்ட்டு. காலையில ஒம்பது மணிக்கே போய் ஒக்காந்துட்டேன். பேப்பர லேமினேட் பண்ண கடை எங்க இருக்குன்னு கூட விசாரிச்சு வச்சுட்டேன்.

அந்த டெஸ்ட்டு ரெண்டும் நார்மல்.

டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லுதாவ, நல்ல செய்தி நயினார் சார், அந்த வியாதி உங்களுக்கு இல்ல. நான் கேட்டேன், அப்பம் இந்த ஒம்பது கிலோ எங்கம்மா போச்சு? நான் நடிக்கேன்ங்கியளான்னு கேட்டேன். அவுக அப்படி இல்ல, அந்த வியாதி இல்லாமலே கோதும ஒத்துக்கிடாத ஆளுக இருக்காவ, அது நெசம்தான், ஆனா அதக் காட்டுததுக்கு டெஸ்ட்டு இன்னும் வரலன்னாவ. விட்டா நல்லா இருக்கும், தின்னா கெடும், அதுதான் அடையாளம்னாவ. அதுக்கு ஒரு பேப்பர் குடுங்கன்னேன். அதுக்குப் பேப்பர் இல்லன்னாவ. நான் அழுதுட்டேன் அண்ணாச்சி, இந்த வயசுல. ரொம்பக் கெஞ்சுன பொறவு மருந்துச் சீட்டுல ஒரு வரி எழுதிக் குடுத்தாவ. இந்தா பாருங்க. கோதுமை, மைதா தவிர்க்கவும். இதத்தான பொன்னுத்துரை திருச்சி ஸ்டாண்டுல சும்மா சொன்னான்?

இப்பம் என் நெலமையப் பாருங்க. இத விட்டா அவன் ஜெயிச்சுட்டான். விடாம இருந்தா, டாக்டரம்மா சொல்லுதாவ, ரத்தம் பாதியா எறங்கிட்டு, இன்னும் ரெண்டு மாசம் இப்படிப் போச்சுன்னா பெட்டுல சேக்கணும்னு. மதுரையில வண்டி ஏறுனதுல இருந்து இதத்தான் யோசிச்சுக்கிட்டு வாறேன். உங்ககிட்ட பேசிக்கிட்டே ஒரு முடிவுக்கும் வந்துட்டேன். விட்டுருதேன். கோதுமய விட்டுருதேன், உலகம்மா மொகத்துக்காக. ஆனா நாளையில இருந்து இல்ல. நாளன்னைக்குல இருந்து.

நாளைக்கு விழாவுல எல்லாருக்கும் ஒரு டப்பா குடுப்பாவ. அதுல லட்டு, மிச்சர், ஒரு பஃப்ஸ், பூரா மைதா. நான் முன் வரிசையில போய் நிப்பேன். மாலை எல்லாம் போட்டு அவன ஒக்கார வச்சிருப்பாவ. அவன் கண்ணு என்னையத் தேடும், தேடாம இருக்காது. அவன் பாக்கும்போது டப்பாவத் தெறந்து அந்த பஃப்ஸ எடுப்பேன். எடுத்து அவனப் பாத்துக்கிட்டே வாய்கிட்ட கொண்டு போவேன். மேனேஜர் பேசிக்கிட்டு இருப்பாரு, அவன் அதெல்லாம் பாக்கமாட்டான், மாலையோட மேடையில இருந்து குதிச்சு வந்து என் கையில இருந்து பிடுங்கி எறிவான். மைக்கு, சால்வ, குடும்பம் எல்லாத்துக்கும் முன்னால. விழாவே கெட்டுப் போவும். அப்பம் எல்லாருக்கும் தெரியும்லா, எனக்கு நோவு நெசம்னு? நெசமில்லன்னா ரிட்டயர் ஆகுத மனுசன் எதுக்கு மேடைய விட்டுக் குதிக்கான்? சீலு குத்துன பேப்பர் எதுக்கு எனக்கு?

ஏன் அப்படிப் பாக்கிய?

பிடுங்கலன்னா என்ன செய்வேன்னா கேக்கிய?

பிடுங்குவான் அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா அவன. ஒரு தடவ முள்ளுக்காட்டுல பாம்பு கெடக்குன்னு நான் வார வரைக்கும் அந்த ஓரத்துலயே கம்ப வச்சுத் தட்டிக்கிட்டு நின்னவன். பயணிக கத்துதாவ, அவன் பாட்டுக்குத் தட்டிக்கிட்டு நிக்கான்.

ஆனா கட்டிலுக்குப் பக்கத்துல வந்து ஒக்காந்தவன நான் அப்படிச் சொல்லி அனுப்பிட்டேன்லா. மூணு வாரமா ஹாரன் இல்ல. நான் ஜன்னலப் பாத்துட்டேதான் இருக்கேன், வண்டி பேசாமப் போகுது. நாளைக்கும் அப்படி, நான் வாய்க்குள்ள வைக்கதப் பாத்துட்டு, திங்கட்டும்னு பேசாம ஒக்காந்திருந்தாருன்னா? பொன்னுத்துரை அண்ணன் அப்படி ஒக்காந்திருந்தாருன்னா, நான் அந்த பஃப்ஸ கையில வச்சுக்கிட்டு என்ன செய்ய?